ஜோடி சேராத ஒன்று

ஸ்லைடில் பரப்பிய நத்தைச் செவுளின் மேல் மெல்லிய கண்ணாடி மூடியை வைத்து, அதன் மேல் வடிதாளை மடித்துப் போட்டு, இசபெல்லா வலது கட்டைவிரலால் அழுத்தினாள். அழுத்தம் குறைந்தால் குரோமோசோம்கள் ஒன்றன் மேல் ஒன்றாகக் குவிந்து கிடக்கும், எண்ண முடியாது. கூடினால் செல் உடைந்து, ஒன்றிரண்டு எங்கேயாவது ஓடிப்போகும். அந்த நடுவான பதம் கைக்கு வர அவளுக்கு வெகுநாள் பிடித்தது. வீட்டில் சப்பாத்தி மாவைக்கூட அவள் கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பதாக மாமியார் கேலி செய்வாள்.

மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தாள். மங்கலான வெளிச்சத்தில், நாவற்பழக் கறை நிறத்தில், குச்சிகளும் புள்ளிகளுமாக ஒரு சின்னக் கூட்டம் தெரிந்தது. மேல் மூலையிலிருந்து எண்ணத் தொடங்கினாள்.

இருபத்து மூன்று.

கண்ணை மூடித் திறந்து, கீழ் மூலையிலிருந்து மறுபடியும் எண்ணினாள். இருபத்து மூன்றேதான்.

"போச்சு, இதுவும் போச்சு" என்று அந்த ஸ்லைடை எடுத்து ஜன்னலோரத்து ஊறுகாய் ஜாடியில் போட்டாள். அழுத்தும்போது ஒன்றைத் தொலைத்துவிட்ட ஸ்லைடுகளுக்கான ஜாடி அது. கழுத்துவரை நிறைந்திருந்தது. சரியாக வந்தவை, அதாவது இருபத்து நான்கு வந்தவை, பக்கத்து மரப்பெட்டியில் வரிசையாக நின்றன. பெட்டியும் ஜாடியும் கிட்டத்தட்ட ஒரே வேகத்தில் நிரம்பி வந்ததை அவள் யோசித்ததில்லை. யோசித்திருந்தாலும் தன் கட்டைவிரலைத்தான் திட்டியிருப்பாள்.

"பேசலாமா டீச்சர்?" என்று வாசலிலிருந்து குரல் வந்தது. "எண்ணி முடிச்சாச்சா? எண்ணும்போது பேசினா கண்ணாலயே எரிச்சிருவீங்களே, அதான் கேட்டுக்கிட்டு உள்ள வரேன்."

அவள் கணவன் அருளானந்தம் கட்டம் போட்ட சட்டையும் செண்டு வாசனையுமாக நின்றான்.

"வாங்க. ரொம்ப நேரமா நிக்கிறீங்களா?"

"உங்க காலேஜ் வாட்ச்மேனுக்கு பிரெஞ்சுல ஒண்ணுலேர்ந்து பத்து வரைக்கும் சொல்லிக் கொடுத்துட்டேன். அவ்வளவு நேரந்தான்."

அருளானந்தம் வருஷத்தில் ஒரு மாதம் மட்டும் கணவன். அவன் அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கியவர், பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொண்டவர். அந்த வழியில் மகன் பாரிசுக்குப் பக்கத்தில் ஒரு கார் தொழிற்சாலையில் வேலைக்குப் போனான். ஆகஸ்டில் தொழிற்சாலைக்கு விடுமுறை விட்டால் அவனைப் போன்றவர்கள் எல்லோரும் வக்கான்ஸ் என்று காரைக்காலுக்கு வந்து இறங்குவார்கள். தலத்தெருவிலும் கோவில்பத்திலும் பூட்டிக் கிடந்த வீடுகளில் விளக்கெரியும், வாசலில் டாக்சி நிற்கும், ஞாயிற்றுக்கிழமை பூசையில் பாதிக் கோயில் செண்டு மணக்கும். செப்டம்பரில் ஊர் பழையபடி மெலிந்துவிடும். மெலிந்த ஊரில் இசபெல்லா அடுத்த ஆகஸ்டுக்காக இருப்பாள்.

இதெல்லாம் ஓர் அவசரத்தால் வந்தது. ஐந்து வருஷத்துக்கு முன் அவன் பெண் பார்க்க வந்தபோது சாம்பல் புதன் நெருங்கிக்கொண்டிருந்தது. தவக்காலம் தொடங்கிவிட்டால் ஈஸ்டர் முடியும்வரை கோயிலில் கல்யாணம் கிடையாது, அதற்குள் அவன் லீவு முடிந்துவிடும். பிரெஞ்சுக் குடியுரிமைக்காரர் கல்யாணத்தை முதலில் பாண்டிச்சேரி கான்சலேட்டில் அறிவித்துவிட்டுத்தான் கோயிலுக்குப் போக வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். "அதெல்லாம் அப்புறம் எழுதிக்கலாம், மொதல்ல தாலியக் கட்டுங்க" என்றார்கள் இரண்டு வீட்டுப் பெரியவர்களும். கட்டினான். கடவுள் முன்னால் கல்யாணம் ஆயிற்று. பிரெஞ்சுக் காகிதத்தில் அருளானந்தம் ஒண்டிக்கட்டையாகவே இருந்தான். ஒண்டிக்கட்டையின் மனைவிக்கு யார் விசா கொடுப்பார்கள்? அதைத் திருத்தி எழுத இத்தனை காலம் ஆனது.

சும்மா உட்கார்ந்து காத்திருக்க இசபெல்லாவுக்குத் தெரியவில்லை. கல்லூரியில் விலங்கியல் சொல்லிக்கொடுத்துக்கொண்டே, கொள்ளிடத்துக்கு அக்கரையில் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் குஞ்சிதபாதத்திடம் ஆராய்ச்சிக்குப் பதிந்துகொண்டாள். இந்தக் கரையோரத்து நத்தை, சிப்பி, சங்கு இவற்றுக்கெல்லாம் குரோமோசோம் எத்தனை, அந்த எண்ணிக்கையைக் கொண்டு எது எதிலிருந்து எப்போது பிரிந்து வந்தது என்று சொல்ல முடியுமா என்பதுதான் விஷயம்.

எல்லாம் முடிந்து ஒரே ஒரு நத்தை மிச்சம். அரசலாற்று முகத்தில் கற்களில் ஒட்டிக்கிடக்கும், சுண்டுவிரல் நகமளவு கறுப்பு நத்தை. சமைக்க உதவாது என்பதால் காரைக்கால்மேட்டில் யாரும் அதற்குப் பெயர்கூட வைக்கவில்லை. அதன் எண்ணிக்கைதான் ஒரு சமயம் இருபத்து நான்கும் ஒரு சமயம் இருபத்து மூன்றுமாக வந்து அவளைப் படுத்தியது. "உயிருக்கு ரெண்டு நம்பர் கிடையாதும்மா. ஒரு நம்பரோட வா, அன்னிக்கே கையெழுத்துப் போடறேன்" என்று பேராசிரியர் முடிவாகச் சொல்லிவிட்டார்.

இந்த வருஷம் காகிதங்கள் வந்துவிட்டன. விசா வந்துவிட்டது. மாதக் கடைசியில் பம்பாய் வழியாகப் பாரிசுக்கு இரண்டு டிக்கெட். அதற்குள் அந்த நம்பரை முடித்தால் ஆராய்ச்சியும் கணவனும் இரண்டும் கைக்கு வரும். முடியாவிட்டால் எதை விடுவது என்பதை அவள் நினைத்துப் பார்க்கவே பயந்தாள்.

கோவில்பத்து வீட்டில் மாமியார் அற்புதம் மட்டிச் சிப்பிக் கறி வைத்திருந்தாள். மகன் வந்த நாளிலிருந்து அந்த வீட்டில் மீன் வாசனை மாறவே இல்லை.

"ஏண்டி, இந்த மட்டிக்கு எத்தன சொன்ன?" என்று பரிமாறிக்கொண்டே கேட்டாள்.

"முப்பத்தெட்டு, அத்தை."

"மனுஷனுக்கு?"

"நாப்பத்தாறு."

"பரவால்ல. நமக்குக் கிட்டத்துலதான் இருக்கு, பாவம். இன்னும் ரெண்டு போடட்டுமாடா உன் சொந்தக்காரங்கள?" என்று மகன் தட்டில் இன்னொரு கரண்டி கவிழ்த்தாள்.

"கூட இருந்தா ஒசத்தின்னு இல்ல அத்தை. உருளைக்கெழங்குக்கு நாப்பத்தெட்டு."

"அடி ஆத்தி! நம்மள விடவா?"

"அதான் பிரான்சுல தெனம் அதையே போடுறான்" என்றான் அருளானந்தம்.

சிரித்து முடித்ததும் அற்புதம் முகம் மாறியது. "சீக்கிரம் எண்ணி முடிச்சிட்டுக் கெளம்புற வழியப் பாரு தாயி. அஞ்சு வருஷமா எம்புள்ள சட்டியக் கழுவிக்கிட்டு நிக்கிறான்."

"முடிச்சிருவேன் அத்தை."

சாயங்காலம் இருவரும் ஆற்று முகத்துக்குப் போனார்கள். அவள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கல்லுக்குக் கல் தாவி நத்தைகளைப் பிய்த்தாள். அவன் ஹார்லிக்ஸ் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு பின்னால் வந்தான். மேட்டூர்த் தண்ணீர் வந்து சேர்ந்திருந்ததால் ஆறு கலங்கிக் கடலை வெகுதூரம் செம்மண் நிறமாக்கியிருந்தது.

"இத என்ன பண்ணுவே?"

"ஒரு மருந்து ஊசி போடுவேன். நம்ம வேலியில செங்காந்தள் இருக்குல்ல, அந்தக் கெழங்குல இருக்கற அதே விஷம். செல்லு ரெண்டாப் பிரியறதுக்கு எல்லாத்தையும் எடுத்து வச்சிக்கிட்டு நிக்கும் பாருங்க, சரியா அந்த நேரத்துல அப்படியே நிறுத்திரும். பிரிய விடாது. அப்பத்தான் எண்ண முடியும்."

அவன் பாட்டிலைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தான். பிறகு, "அந்த மருந்து நமக்கு ஒவ்வொரு ஆகஸ்ட் கடைசியிலயும் கொஞ்சம் கெடைச்சிருந்தா தேவலாம்" என்றான்.

அவள் குனிந்தபடியே இருந்தாள். நிமிர்ந்தால் கண் காட்டிக்கொடுத்துவிடும்.

"ரெண்டு நாற்காலி வாங்கினேன் இசபெல். மொத வருஷமே. அப்பவே வாங்கிட்டேன், முட்டாப்பய. ஒண்ணுல நான் உக்காருவேன். இன்னொண்ணு சும்மா இருக்கேன்னு கோட்ட மாட்டி வச்சேன். ஒரு நா வேல முடிஞ்சு வந்து லைட்டப் போட்டா, யாரோ உக்காந்திருக்காப்ல இருந்துச்சு. அதுலேர்ந்து கோட்ட ஆணியில மாட்டுறேன்."

"இந்த வாட்டி நான் உக்காந்துக்கறேன்" என்றாள் அவள். பாட்டிலுக்குள் நத்தைகள் ஒன்றன் மேல் ஒன்று ஏறி, கண்ணாடியில் ஒட்டிக்கொண்டன.

மாதா தேர் முடிந்த வாரத்தில் மரபியல் பாடம் எடுக்கும் திருஞானசம்பந்தம் சார், மகள் கல்யாணத்துக்கு லீவு போட்டார். இரண்டாம் ஆண்டு வகுப்பு இசபெல்லா தலையில் விழுந்தது. உயிர்களில் ஆண் பெண் எப்படித் தீர்மானமாகிறது என்ற பாடம். அவள் மாணவியாகப் படித்துப் பரீட்சையில் எழுதி மறந்த பாடம்.

கரும்பலகையில் ஒரு வெட்டுக்கிளியை வரைந்தாள். பெண்ணுக்கு இரண்டு எக்ஸ், ஆணுக்கு ஒன்றே ஒன்று, அதற்கு ஜோடி கிடையாது என்று சொல்லிக்கொண்டே பெண் என்பதன் கீழ் இருபத்து நான்கு என்று எழுதினாள். ஆண் என்பதன் கீழ் இரண்டைப் போட்டாள். மூன்றைப் போடப்போன சாக்பீஸ் அப்படியே நின்றது.

"மேடம்?" என்றது முதல் பெஞ்சு.

அவள் திரும்பவில்லை. நத்தையின் ஓட்டைப் பார்த்து ஆண் பெண் சொல்ல முடியாது. அவளும் பார்த்ததில்லை. ஓட்டை உடைத்துச் செவுளை மட்டும் எடுத்துக்கொண்டு மிச்சத்தைக் காக்காய்க்குப் போட்டுவிடுவாள். பெரும்பாலான நத்தைகளுக்குக் குரோமோசோமில் ஆண் பெண் வித்தியாசம் எதுவும் தெரியாது என்று எல்லோரும் சொன்னதை அவளும் நம்பினாள். ஒன்று குறைகிறது என்றால் தொலைந்துபோனதாகத்தான் இருக்கும் என்று முடிவு கட்டினாள். ஐந்து வருஷமாக எதை எண்ணினாலும் ஒன்று குறைவாகவே இருந்த பெண்ணுக்கு வேறென்ன தோன்றும்?

அந்த ஊறுகாய் ஜாடி முழுக்க இருந்தது ஆண்கள்!

"வெட்டுக்கிளிய எழுதிக்கிட்டு எல்லாரும் லைப்ரரிக்குப் போங்க" என்று சொல்லிவிட்டு அவள் வேகமாக நடந்தாள். வராந்தா திருப்பத்திலிருந்து ஓடினாள்.

அன்றைக்கும் மறுநாளும் அவள் ஆய்வுக்கூடத்தை விட்டு வெளியே வரவில்லை. உயிரோடு இருந்த ஒவ்வொரு நத்தையையும் லென்ஸ் வைத்துப் பார்த்தாள். வலது கொம்புக்குப் பக்கத்தில் ஒரு சின்ன உறுப்பு இருந்தால் ஆண், இல்லாவிட்டால் பெண். சாப்பாடு கொண்டுவந்த அருளானந்தத்தை உட்காரவைத்து வேலை கொடுத்தாள். ஆணெல்லாம் ஹார்லிக்ஸ் பாட்டில், பெண்ணெல்லாம் நெஸ்கபே பாட்டில்.

"நெஸ்கபே பாட்டிலு சின்னதா இருக்கே. பொம்பளைங்களுக்கு எடம் பத்தாதே" என்றான்.

"மாத்திப் போட்டீங்க, அவ்வளவுதான். பேசாம போடுங்க."

மறுநாள் மத்தியானம் அவள் மைக்ராஸ்கோப்பில் குனிந்தாள். அவன் வாயைப் பொத்திக்கொண்டு நின்றான். நெஸ்கபே: இருபத்து நான்கு. ஹார்லிக்ஸ்: இருபத்து மூன்று. நெஸ்கபே: இருபத்து நான்கு. ஹார்லிக்ஸ்...

அவள் நிமிர்ந்து அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். சந்தோஷத்தில்தான் அழுகிறாள் என்று நினைத்து அவன் முதுகைத் தட்டினான். "அப்ப முடிஞ்சுது. பெட்டியக் கட்டலாம்."

அவள் ஸ்லைடுகளைப் பெட்டியில் அடுக்கத் தொடங்கினாள்.

இருவரும் பஸ் ஏறிப் பேராசிரியரைப் பார்க்கப் போனார்கள். குஞ்சிதபாதம் ஸ்லைடுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு வாய்விட்டுச் சிரித்தார்.

"வெட்டுக்கிளி! ஜப்பான்ல ஒருத்தர் இந்த ஜாதி நத்தைக்கு இப்படி எழுதியிருக்கார்னு எங்கியோ படிச்சேன். ஸ்லைடு சரியில்லைன்னு நானே தள்ளிட்டேம்மா. உன்னை மட்டும் திட்டினது என் தப்பு." பிறகு குரல் மாறியது. "ஆனா செவுள மட்டும் வச்சு இத எழுத முடியாது. நசுக்கினதுல போச்சுன்னு எவனாவது சொல்லுவான். ஆணோட விந்தகத்துலேர்ந்து எடுக்கணும். எல்லாம் ஜோடி சேரும்போது இது ஒண்ணு மட்டும் சேராம நிக்குதான்னு காட்டணும். அதக் காட்டிட்டா இந்த நத்தைக் குடும்பம் மத்ததுலேர்ந்து எப்பப் பிரிஞ்சதுங்கற பேச்சே வேற மாதிரி ஆயிரும். இப்ப எடுக்க முடியுமா?"

"இப்ப ஒண்ணும் இருக்காது சார். மழை ஓஞ்சு ஆத்து மொகத்துல உப்பு ஏறினாத்தான் இதுக்கு விந்து ஊறும். ஜனவரி ஆயிரும்."

"அப்ப ஜனவரி" என்றார் அவர். நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்த அருளானந்தத்தை அப்போதுதான் கவனித்தார். "சார் யாரு?"

"எங்க வீட்டுக்காரர்."

திரும்பி வரும் பஸ்ஸில் கொள்ளிடம் பாலம் வரை அவன் ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தான். பாலத்தின் கீழே ஆறு இரு கரையும் தொட்டு ஓடியது.

"விசா அக்டோபரோட செத்துப்போயிரும்" என்றான்.

"தெரியுங்க."

"மறுபடி முதல்லேர்ந்து எழுதணும்."

"தெரியும்."

"தெரிஞ்சேதான் ஜனவரின்னு சொன்னியா?"

"ஆமாங்க."

முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். அருளானந்தம் குரலைத் தணித்தான். "அந்த ஜப்பான்காரன் எழுதட்டுமே. உனக்கென்ன?"

"அவர் எழுதினது அவர் ஊரு நத்தை. இத நாலு வருஷமா நான் தூக்கிப் போட்டிருக்கேங்க. ஒரு ஜாடி நெறைய. எல்லாம் சரியா இருந்தது, நான்தான் கொறைன்னு நெனச்சேன். இப்ப பாதியில விட்டுட்டு வந்தா, அங்க வந்து அந்த நாற்காலியில உக்காந்துக்கிட்டு இந்த ஜாடியத்தான் நெனச்சுக்கிட்டு இருப்பேன். அது உங்களுக்கு நல்லதா?"

"சரி. நான் எந்த ஜாடியில இருக்கேன், அதச் சொல்லு."

அவள் அவன் கையைத் தேடிப் பிடித்தாள். அவன் விடுவித்துக்கொள்ளவும் இல்லை, திருப்பிப் பிடிக்கவும் இல்லை.

விஷயம் தெரிந்ததும் அற்புதம் இரண்டு நாள் மருமகளோடு பேசவில்லை. மூன்றாம் நாள் நார்த்தங்காயை எண்ணெய்த் துணியில் கட்டிக்கொண்டே, யாரிடமோ சொல்வதுபோலச் சொன்னாள்.

"நானும் சைகோனுக்குப் போன மனுஷனுக்குக் காத்துக் கெடந்தவதான். ஆனா கூப்பிட்டு நான் வரமாட்டேன்னு சொன்னதில்ல. அந்த மனுஷன் கூப்பிடவே இல்லையே."

"நான் வரமாட்டேன்னு சொல்லல அத்தை."

"என்னமோ போ. கூப்பிட ஒரு ஆளு இருக்கும்போதே போயிரணும்டி."

புறப்படும் நாள் பஸ் நிலையத்தில் ஊரே நின்றது. வக்கான்ஸ் முடிந்து போகிற குடும்பங்கள், கார்ட்போர்டு பெட்டிகள், கயிறுகள், அழும் அத்தைகள். அவளுக்காகப் போட்ட டிக்கெட்டை அவன் முந்தின நாள்தான் ரத்து செய்திருந்தான். அவன் பெட்டியில் அவள் தன் பச்சைக் கம்பளிச் சால்வையை மடித்து வைத்திருந்தாள், நாற்காலியில் போட்டுக்கொள்ளட்டும் என்று. சொல்லவில்லை.

மெட்ராஸ் பஸ் நகரத் தொடங்கியபோது அவன் ஜன்னலில் இருந்து தலையை நீட்டினான். ஏதோ சொல்ல வாயெடுத்தான். பிறகு வேண்டாம் என்பதுபோலக் கையை மட்டும் அசைத்தான். எல்லாவற்றையும் எடுத்து வைத்துக்கொண்டு, பிரியப்போகிற அந்தக் கணத்தில் அப்படியே நிறுத்தி வைக்கும் மருந்தை நினைத்துக்கொண்டு அவள் நின்றாள். பஸ் நிற்காமல் திருப்பத்தில் மறைந்தது.

அந்த வருஷம் மழை நன்றாகப் பெய்தது. ஆறு பெருகி, வடிந்து, மறுபடி பெருகியது. அவள் வாரந்தோறும் ஆற்று முகத்துக்குப் போய் ஒரு சொட்டு தண்ணீரை நாக்கில் வைத்துப் பார்ப்பாள். இனிப்பாகவே இருந்தது. அவனிடமிருந்து நலம் நலமறிய என்று இரண்டு வரி வரும். கிறிஸ்துமசுக்கு ஒரு படம் போட்ட அட்டை வந்தது. விசாவைப் பற்றி அவனும் எழுதவில்லை, அவளும் கேட்கவில்லை. கேட்டால் என்ன பதில் வருமோ என்று பயம். சில இரவுகளில் வேறொருத்தி அந்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பதாகக் கனவு கண்டு எழுந்து தண்ணீர் குடிப்பாள்.

பொங்கல் கழித்து ஒரு நாள் தண்ணீர் உப்புக் கரித்தது.

முதல் ஸ்லைடுகளில் ஒன்றும் இல்லை. அடுத்த வாரத்திலும் இல்லை. பிப்ரவரி பிறந்த பிறகு, ஒரு வெள்ளிக்கிழமை காலையில், கட்டைவிரலை எடுத்துவிட்டுக் குனிந்தபோது அவள் தேடிய காட்சி இருந்தது. குரோமோசோம்கள் ஒன்றையொன்று தேடிப் பிடித்து, இரண்டிரண்டாகப் பின்னிக்கொண்டு நின்றன. பதினொரு ஜோடிகள். கூட்டத்திலிருந்து கொஞ்சம் தள்ளி, தனியாக ஒன்று.

அவள் வெகுநேரம் அதை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். அது எதையும் தொலைத்துவிட்டதாகத் தெரியவில்லை. மற்றதைப் போலவே திடமாக, நல்ல நிறம் பிடித்து, தன் இடத்தில் நின்றது.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மதார் சாகிபு ஜவுளிக்கடையிலிருந்து ஆள் வந்தது. கோவில்பத்து முனையில் போன் இருந்த ஒரே கடை அது. பாரிசிலிருந்து கூப்பிட்டு, அரை மணியில் திரும்பக் கூப்பிடுவதாக வைத்துவிட்டார்களாம். ஏதாவது கெட்ட செய்தியோ என்று செருப்பில்லாமலே ஓடினாள்.

"உக்காரு புள்ள, மூச்சு வாங்கு. நல்லாத்தான் பேசினாரு மாப்ள" என்று மதார் சாகிபு ஸ்டூலை இழுத்துப் போட்டார். மணி அடித்ததும் எடுத்து அவளிடம் கொடுத்துவிட்டு, துணி மடிக்கப் போவதுபோலத் தள்ளிப் போனார். காதை மட்டும் விட்டுவிட்டுப் போனார்.

"ஹலோ, இசபெல்?"

"நாந்தாங்க! என்னாச்சு? நல்லா இருக்கீங்களா?" தன் குரலே சுற்றி வந்து காதில் விழுந்தது. அதற்குப் பிறகுதான் அவன் குரல் வந்தது.

"நல்லாத்தான் இருக்கேன். அந்த நத்தை என்னாச்சு? ஜனவரி போயிருச்சே."

"கெடைச்சிருச்சுங்க! வெள்ளிக்கெழமைதான். பதினொரு ஜோடி, ஒண்ணு ஒத்தையா. கண்ணால பாத்தேன்."

கடல் இரைவதுபோல ஓர் இரைச்சல். அவன் கேட்டானா என்றே தெரியவில்லை. பிறகு, "அந்த ஒத்தை என்ன பண்ணுது?" என்றான்.

"எல்லாம் ரெண்டாப் பிரியும்போது இது ஒரு பக்கமாப் போயிரும். அது போன பக்கத்துல பொண்ணு பொறக்கும். போகாத பக்கத்துல ஆணு."

"அப்ப அதுக்கும் போறதுக்கு ஒரு பக்கம் இருக்கு."

"இருக்குங்க."

மறுபடி இரைச்சல். அவள் கேட்டுவிட்டாள். "விசா... இனிமே என்னங்க பண்றது?"

"மனு குடுத்தாச்சு. அதச் சொல்லத்தான் கூப்பிட்டேன். நேத்து காகிதம் வந்துச்சு, இந்த வாட்டி சீக்கிரம் முடிஞ்சிருமாம். கல்யாணம்தான் எழுதியாச்சே."

"எப்ப குடுத்தீங்க?"

"இங்க வந்து எறங்கின மறுநாளு."

அவளுக்குப் புரியச் சற்று நேரமானது. மறுநாள் என்றால் செப்டம்பர். பஸ்ஸில் கையைத் திருப்பிப் பிடிக்காத மனிதன், ஊர் போய் இறங்கிய சூட்டோடு வரிசையில் போய் நின்றிருக்கிறான்.

"அஞ்சு மாசமா ஒரு வார்த்த சொல்லலையேங்க! நான் இங்க என்னென்னமோ நெனச்சுக்கிட்டு..."

"நீ எண்ணிக்கிட்டு இருந்தியே" என்றான் அவன். "நடுவுல பேசினா விட்டுப்போயிரும்ல."

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். அவன் என்னவோ சால்வை என்று தொடங்கினான். அதற்குள் லைன் அறுந்தது. அவள் ரிசீவரை வைக்கவில்லை. வெறும் இரைச்சலைக் கேட்டுக்கொண்டே நின்றாள்.

மதார் சாகிபு மெதுவாக வந்து ரிசீவரை வாங்கி வைத்தார். "என்னா புள்ள அழுவுற? மாப்ள எப்ப வர்றாராம்?"

"அவர் வரல பாய். நான் போறேன்."

"மாஷா அல்லா! எப்ப?"

இசபெல்லா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். ஜாடி நிறைய ஆண்களைத் தூக்கிப் போட்டவள், பேராசிரியருக்கு இன்னும் ஒரு பெட்டி ஸ்லைடாவது காட்ட வேண்டும். உப்பு இறங்குவதற்குள் காட்ட வேண்டும்.

"எண்ணி முடிச்சதும்" என்றாள்.